சிங்கப்பூர் கம்பியும் பழநிக் கம்பியும்

சிங்கப்பூர் போய் வந்த எங்கள் பக்கத்துக் குடும்பம் கைபேசியை நீட்டினால் முதலில் வருவது சிங்கமுகச் சிலை. அடுத்தது கேபிள் கார். மவுண்ட் ஃபேபர் குன்றிலிருந்து செந்தோசா தீவுக்குப் போகிற கண்ணாடிப் பெட்டிக்குள் பெரியப்பா, பெரியம்மா, பேத்தி. கீழே துறைமுகம், கப்பல்கள். படம் பார்த்து முடிவதற்குள் கூட இருக்கும் ஒருவர் கேட்டுவிடுவார்: "ஏனுங்க, இத நம்ம மருதமலைக்குப் போட்டா என்னங்க? வெள்ளிங்கிரிக்குப் போட்டா என்னங்க? பழநியிலிருந்து கொடைக்கானலுக்கே இழுத்துட்டா ரோட்டுல எதுக்குங்க இத்தன காரு?"

இது ஏதோ ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சு அல்ல. பனியன் கம்பெனி முதலாளியும் சொல்கிறார், அவரிடம் வேலை பார்க்கும் டெய்லரும் சொல்கிறார். தேர்தல் மேடையில் சொல்கிறார்கள். 2022-23 ஒன்றிய பட்ஜெட்டில் மலைப்பகுதிகளுக்கு ரோப்வே போட 'பர்வத்மாலா' என்று ஒரு திட்டம் வந்ததிலிருந்து இந்தப் பேச்சுக்கு அரசு முத்திரையும் கிடைத்துவிட்டது. கம்பி போட்டால் மலைப்பாதையில் கார் குறையும், வெளியூர்க் கூட்டம் பெருகும், உள்ளூரில் காசு புரளும் என்று ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கூட்டம் பெருகுவதும் கார் குறைவதும் ஒன்றோடொன்று மோதுகிறதே என்று யாரும் ஒரு நிமிடம் நின்று யோசிப்பதாகத் தெரியவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படியேற முடியாதவரைச் சாமியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் ரோப் காருக்கு நான் முழு ஆதரவு. வேடிக்கை பார்ப்பதற்குப் போடுகிற ரோப் காரைப் போக்குவரத்து என்று சொல்லி மக்கள் தலையில் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். அதே கம்பி, அதே பெட்டி. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோரும் கை காட்டுகிற சிங்கப்பூருக்கே போவோம். அந்தக் கேபிள் கார் 1974 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புவரை செந்தோசாவுக்குப் 'புலாவ் பிளாக்காங் மாத்தி' என்று பெயர். பிரிட்டிஷ் ராணுவம் இருந்துவிட்டுப் போன தீவு. அதை உல்லாசத் தீவாக்கி உலகத்துக்குக் காட்டவே கம்பி இழுத்தார்கள். அன்றைக்கு மக்கள் தீவுக்குப் படகில் போனார்கள். 1992-ல் பாலம் வந்தது, 2007-ல் செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோ ரயில் வந்தது, பிறகு நடந்தே போக ஒரு நடைபாதையும் வந்தது. தீவில் வேலை பார்க்கிறவர் பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறார். கேபிள் காரில் போகிறவர் நம் பெரியப்பா. அதற்கான டிக்கெட் வெளிநாட்டவருக்கு முப்பது வெள்ளிக்கு மேல். உள்ளூர்க்காரருக்குத் தனியாகக் குறைந்த விலை. அதே ஊரில் எம்ஆர்டி ரயிலில் ஒன்றிரண்டு வெள்ளிக்கு ஊரின் பாதியைக் கடந்துவிடலாம். 2024-ல் ஐம்பது ஆண்டு நிறைவுக்கு, பளபளக்கும் உருண்டைப் பெட்டிகளைக் கண்ணாடித் தரையோடு கம்பியில் ஏற்றினார்கள். வேலைக்குப் போகிறவன் எவனும் காலுக்குக் கீழே கண்ணாடி வேண்டும் என்று கேட்டிருக்க மாட்டான்.

சிங்கப்பூர் இதில் யாரையும் ஏமாற்றவில்லை. காட்சிக்கு ஒரு வண்டி, பயணத்துக்கு வேறு வண்டி என்று தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. அங்கே ரோட்டில் நெரிசல் கட்டுக்குள் இருப்பதற்கும் கேபிள் காருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 1990 முதல் அங்கே கார் வாங்க வேண்டுமானால் முதலில் உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். அதுவும் பத்து ஆண்டுக்குத்தான் செல்லும். பல சமயம் சீட்டின் விலை காரின் விலையைத் தாண்டிவிடும். சிங்கப்பூரைப் பார் என்கிறவர்கள் இந்தப் பாடத்தை மட்டும் ஊருக்குக் கொண்டுவருவதில்லை. அவிநாசி ரோட்டில் இருக்கிற எந்தக் கல்யாண மண்டபத்திலாவது இதைச் சொல்லிப் பாருங்கள், பந்தியில் உங்கள் பக்கத்து இலை காலியாகிவிடும்.

லண்டன் கதை இன்னும் சுவையானது. 2012 ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்பு தேம்ஸ் நதிக்குக் குறுக்கே, கிரீன்விச்சிலிருந்து ராயல் டாக்ஸுக்கு, ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக் கேபிள் கார் போட்டார்கள். நடத்துவது லண்டன் போக்குவரத்து நிறுவனம். ஒரு விமான நிறுவனம் பத்து ஆண்டுக்கு 36 மில்லியன் பவுண்டு கொடுத்துத் தன் பெயரை அதில் மாட்டியது. இது சுற்றுலா வண்டி அல்ல, நகரப் போக்குவரத்தின் பகுதி என்று சொல்லி பாதாள ரயில் வரைபடத்திலேயே அதையும் வரைந்தார்கள். அடுத்த ஆண்டே கணக்கு வெளியே வந்தது. வாரத்துக்கு ஐந்து தடவைக்கு மேல் போய் வருகிற வழக்கமான பயணிகளுக்கென்று ஒரு கட்டணச் சலுகை இருந்தது. 2013-ல் எண்ணிப் பார்த்த ஒரு வாரத்தில் அந்தச் சலுகைக்குத் தகுதியானவர்கள் நான்கு பேர். நாலாயிரம் இல்லை, நான்கு.

அங்கே இன்னொரு விஷயமும் உண்டு. வேலைநாள் காலை நெரிசல் நேரத்தில் ஐந்து நிமிடத்தில் கடக்கிற அந்தப் பெட்டியை மற்ற நேரத்தில் பத்து நிமிடம் ஆகும்படி மெதுவாக ஓட்டுகிறார்கள். பயணி நன்றாகப் பார்க்கட்டும் என்று. நம் ஊர் டவுன் பஸ் டிரைவர் அப்படி மெதுவாக ஓட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேக மாற்றத்திலேயே அது என்ன வண்டி என்பது தெரிந்துவிடுகிறது.

"வெளிநாட்டை விடுங்க, நம்ம நாட்டுலயே இருக்குதே" என்பார்கள். இருக்கிறது. அசாமின் தலைநகரப் பகுதியான குவாஹாட்டியில் பிரம்மபுத்திராவுக்குக் குறுக்கே 1.8 கிலோமீட்டர் ரோப்வே 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மழைக்காலப் பிரம்மபுத்திராவை மேலிருந்து பார்ப்பது அருமையான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இருப்பது முப்பது பேர் ஏறக்கூடிய இரண்டு பெட்டிகள். ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் சுமார் 250 பேர். நெரிசலில் ஐந்து டவுன் பஸ்ஸுக்கான கூட்டம் அது. காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஐந்து டவுன் பஸ் கிளம்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பிய பிறகு, "மெட்ரோ இல்லேன்னா ரோப்வேயாவது குடுங்க" என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளட்டும்.

கம்பியில் தொங்கும் பெட்டி எங்குமே உண்மையான போக்குவரத்து ஆகவில்லையா? ஆகியிருக்கிறது, பொலிவியாவின் லா பாஸில். சட்டப்படி அந்நாட்டின் தலைநகரம் சுக்ரே. அரசாங்கம் நடப்பது லா பாஸில். பள்ளத்தாக்குக்குள் இருக்கிற அந்த நகரத்துக்கு மேலே, கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில், எல் ஆல்ட்டோ என்ற ஏழைகளின் ஊர். மேலே குடியிருந்து கீழே வேலைக்கு வருகிறவர்கள் நெரிசலான செங்குத்துச் சாலைகளில் அல்லாடினார்கள். 2014-ல் முதல் தடம் திறந்தது. சில ஆண்டுகளில் பத்துத் தடங்கள் ஆயின. கட்டணம் ஏறத்தாழ மினி பஸ் கட்டணத்தை ஒட்டியது. காய்கறிக் கூடையோடு ஏறுகிறார்கள், பள்ளிப் பையோடு ஏறுகிறார்கள். சுற்றுலாப் பயணியும் ஏறுகிறார், ஆனால் அவருக்காக அது ஓடவில்லை. அங்கே மேலும் கீழும் குடியிருப்பு இருக்கிறது. தினமும் இருபுறமும் போய் வரும் தேவை இருக்கிறது. வேறு வழி கடினமாக இருக்கிறது. மருதமலைக்கு இதில் எது பொருந்தும்? கோயிலுக்குப் பக்கம்வரை தார் ரோடு இருக்கிறது, தேவஸ்தான பஸ் ஓடுகிறது. மிச்சமிருக்கிற படிகளுக்குத்தான் வயதானவர்கள் திண்டாடுகிறார்கள். அதற்கு லிஃப்ட் போடுவது என்று எடுத்த வேலை சரியான வேலை. கிருத்திகை அன்று அடிவாரத்தில் நிற்கும் கார் வரிசைக்குத் தேவை இன்னும் சில பஸ்களும், அவற்றுக்கு வழிவிடும் கண்டிப்பும்தான்.

பழநியை லா பாஸின் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், செந்தோசாவின் பக்கத்தில் அல்ல. 1960-களிலேயே அங்கே விஞ்ச் வந்துவிட்டது. 2004-ல் ரோப் கார் வந்தது. 693 படிக்கு மாற்றாக இரண்டும் ஓடுகின்றன. வரிசையில் நிற்கிறவர்களைப் பாருங்கள்: முட்டி தேய்ந்த பாட்டி, கைக்குழந்தைக்காரி, ஆபரேஷன் ஆன ஆள், மொட்டை போட வந்த குழந்தையின் தாத்தா. "படியேறிப் போனால்தானே புண்ணியம்" என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை. தைப்பூசத்துக்கு ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் காவடியோடு நடந்தே வருகிற சனங்களில் யாரும் விஞ்சில் வருகிற பாட்டியைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. எடப்பாடிப் பக்தர்கள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டமாக நடந்து வந்து, தாங்களே பஞ்சாமிர்தம் பிசைந்து, மலைமேல் இரவு தங்கிப் போகிறவர்கள். நடக்க முடிந்தவருக்கு நடை, முடியாதவருக்கு வண்டி. எங்கள் சனம் இதை எப்போதோ தீர்த்துக்கொண்டது. கம்பியைப் பார்த்து முகம் சுளிப்பவர் பெரும்பாலும் பத்திரிகையில் எழுதுகிறவர்தான்.

ஆனால் இந்தப் பயனுள்ள கம்பிக்குத்தான் ஊரில் கவனிப்பு இல்லை. பழநியில் இரண்டாவது ரோப் கார் என்று அறிவித்த பிறகு அது ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கப்பட்டது. விடுமுறை நாளில் விஞ்சுக்கும் ரோப் காருக்கும் மணிக்கணக்கில் நிற்கிற கிழவிக்காக எந்தச் சங்கமும் தீர்மானம் போடுவதில்லை. கொடைக்கானலுக்குக் கம்பி என்றால் மட்டும் எல்லோர் கண்ணிலும் வெளிச்சம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் கொங்கு நாட்டில் கம்பியைப் பற்றிப் பேசவே முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்து கிடக்கிறது, பாலக்காட்டுக் கணவாய். வைகாசி கடைசியில் தொடங்கி புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகப் பாய்கிறது. உடுமலை, பூளவாடி, கேத்தனூர்ப் பக்கம் ஆயிரக்கணக்கில் காற்றாலைகள் நிற்பது அந்த வாசலை நம்பித்தான். நம் மில்கள் பலவற்றுக்குக் கரண்ட் தருவது அந்தக் காற்று. அதே காற்றுதான் பழநி ரோப் காரை நிறுத்துகிறது. ஆடி மாதத்தில் "பலத்த காற்று காரணமாக ரோப் கார் சேவை நிறுத்தம்" என்ற செய்தி இல்லாமல் எங்கள் பக்கப் பதிப்பு வந்ததாக நினைவில்லை. வருடாந்திரப் பராமரிப்புக்கும் ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துகிறார்கள், அதுவும் பெரும்பாலும் அந்தக் காற்றுக் காலத்திலேயே. அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே சில நிமிடத் தூரம் ஓடுகிற கம்பிக்கே இந்தப் பாடு. கரூர் மாவட்டம் குளித்தலை பக்கத்தில் 1,017 படி கொண்ட அய்யர்மலைக்கு 2024 ஜூலையில் ரோப் கார் திறந்தார்கள். மறுநாளே காற்றில் கோளாறாகிப் பெண் பக்தர்கள் சிலர் அந்தரத்தில் தவித்தார்கள். திறந்த மாதம் ஆடி. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த நாட்டில், திறப்பு விழாவுக்குக் கொஞ்சம் பஞ்சாங்கம் பார்த்திருக்கலாம்.

பழநியில் நின்றுபோனால் பாதகமில்லை. விஞ்ச் இருக்கிறது, படி இருக்கிறது, யானைப்பாதை இருக்கிறது. பழநி–கொடைக்கானல் ரோப்வே என்று பேசப்படுவது சுமார் 12 கிலோமீட்டர். சமவெளியிலிருந்து, கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊருக்கு, காட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் மேலாக. நடுவழியில் நின்றால் இறங்க அங்கே படி கிடையாது. ஜார்க்கண்டின் திரிகூட மலையில் 2022 ஏப்ரலில் நின்றுபோனபோது ஹெலிகாப்டர் கொண்டுவந்து மீட்டு முடிக்க மூன்றாம் நாள் ஆனது; உயிர்களும் போயின. குல்மார்க்கில் 2017 ஜூனில் காற்றில் சாய்ந்த மரம் கம்பியில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். நாம் கொண்டாடுகிற சிங்கப்பூரிலேயே 1983 ஜனவரியில் ஒரு துளையிடும் கப்பலின் உயரமான கோபுரம் கம்பியில் மாட்டி, இரண்டு பெட்டிகள் கடலில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மற்றப் பெட்டிகளில் சிக்கியவர்களை இரவோடு இரவாக ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அந்த மீட்புப் பணிக்குத் தலைமை வகித்த கர்னல் லீ சியன் லூங் பிற்பாடு அந்நாட்டின் பிரதமரானார். இவற்றைச் சொல்வது பயமுறுத்த அல்ல. ரோட்டில் தினமும் இதைவிட அதிகம் பேர் சாகிறார்கள் என்று ஒருவர் மடக்கினால் அது நியாயமான பதில்தான். என் கவலை வேறு: 12 கிலோமீட்டர் கம்பிக்கு மீட்பு ஏற்பாடு என்ன, அதற்கு ஆண்டுக்கு என்ன செலவு, யார் தருவது என்பதைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் போட வேண்டும். நமக்குக் காட்டப்படுவது கண்ணாடிப் பெட்டிப் படம் மட்டும்.

கார் குறையும் என்ற வாதத்துக்கு வருகிறேன். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றம் சொல்லித்தான் வந்தது. அடுத்த ஆண்டு கோடைக்கு எண்ணிக்கையும் வைத்தார்கள்: ஊட்டிக்கு வாரநாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. நீதிமன்றம் பார்த்தது ரோட்டை மட்டுமா? மலை எவ்வளவு சுமக்கும் என்ற கேள்வியல்லவா அது? கம்பியில் போகிறவருக்கும் மேலே அறை வேண்டும், தண்ணீர் வேண்டும். ஏரிக்கும் தூண் பாறைக்கும் போக டாக்ஸி வேண்டும். அவர் விட்டுவிட்டு வரும் பிளாஸ்டிக் பாட்டில், காரில் வந்தவரின் பாட்டில் கிடக்கும் அதே பள்ளத்தில்தான் கிடக்கும். ரோட்டில் வருகிற கூட்டத்துக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு, வானத்தில் இன்னொரு வாசலைத் திறப்பது என்ன கணக்கு? வத்தலகுண்டு ரோட்டையும் பழநி ரோட்டையும் தனியார் காருக்கு மூடிவிட்டு ரோப்வேயில் மட்டும் வாருங்கள் என்று சொல்ல யாருக்காவது துணிச்சல் இருந்தால், அன்றைக்கு இந்த வாதத்தை மறுபடி கேட்கிறேன்.

வெள்ளிங்கிரி வேறு மாதிரி. ஏழு மலை ஏறும்போது ஒவ்வொரு பருவத்திலும் மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் சிலர் இறக்கிறார்கள். அதைக் காட்டிக் கம்பி கேட்கிறார்கள். கேட்பவர்களின் வேதனை உண்மையானது. ஆனாலும் அந்த மலை ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. மாசி தொடங்கிச் சித்திரை கடந்து சில வாரம் வரை வனத்துறை விடும். மற்ற நாளில் அது யானைக்காடு. வருடத்தில் மூன்று நான்கு மாதம் மட்டும் ஓடி எந்த ரோப்வேயும் போட்ட முதலை எடுக்காது. இன்றைக்குக் கம்பி போட்டால் நாளைக்குப் பருவத்தை நீட்டச் சொல்வார்கள், அடுத்து மேலே கடை, கழிப்பறை, மின்விளக்கு. யானைக்கு யார் போய்ச் சொல்வது? ஏற முடியாதவருக்குப் பூண்டி அடிவாரத்திலேயே வெள்ளிங்கிரி ஆண்டவர் கோயில் கொண்டிருக்கிறார். எங்கள் பாட்டிமார் அங்கே கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள், குறையொன்றும் பட்டதில்லை. ஏறுகிறவருக்கு வேண்டியது அடிவாரத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் ஒரு நர்ஸ், இடையிடையே ஒரு முதலுதவி முகாம், "இன்னைக்கு வேண்டாம், திரும்பிப் போங்க" என்று சொல்லும் அதிகாரம்.

காசு புரளும் என்பதை நான் மறுக்கவில்லை. புரளும். மேலே நிலம் வாங்கிப் போட்டவரிடம் அதிகமாகவும் கீழே பொரி கடலை விற்கிறவரிடம் கொஞ்சமாகவும் புரளும்.

காட்சிக்காகவே ஒரு வண்டி வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. அது நம்மிடம் நூறு ஆண்டுக்கு மேலாக இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல், ஊட்டிக்கு 1908-ல் ஓடத் தொடங்கிய மலை ரயில். 46 கிலோமீட்டர், 16 குகை, கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டத்தைக் கடித்துக் கடித்து ஏறும். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம், யாரும் புகார் சொல்வதில்லை. டிக்கெட்தான் கிடைப்பதில்லை. கோடையில் மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னும் ஒரு வண்டி விடுங்கள், பெட்டியைக் கூட்டுங்கள் என்று கேட்டால், சொல்லப்படும் ரோப்வே செலவில் சிறு துண்டு போதும். அதைக் கேட்க ஏனோ நமக்கு வாய் வரவில்லை. பழையது என்பதாலா, பக்கத்திலேயே இருப்பதாலா?

அப்படியும் கொடைக்கானலுக்குக் கம்பி வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறவர்களிடம் ஒரே ஒரு காகிதம் கேட்கிறேன். பனியன் முதலாளி கேத்தனூரில் ஒரு காற்றாலை போடுவதற்கு முன்னால் என்ன செய்கிறார்? கம்பம் நட்டு, காற்றுமானி மாட்டி, ஆடியும் ஐப்பசியும் அடங்க ஒரு வருடமாவது அளந்த பதிவைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார். சொந்தக் காசு போகிறதல்லவா? பழநிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே கோபுரம் நிற்கப்போகிற ஒவ்வொரு இடத்திலும் அப்படி ஒரு வருடம் எடுத்த காற்றுப் பதிவைத் தமிழில் அச்சடித்து, பழநி அடிவாரத்தில் ரோப் கார் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் படித்துச் சொல்லட்டும்.